இரண்டு நிமிட உரையும் வெறுமனே ஓடிய விசிறியும்

பேசுவதற்கன்று, பேசாமல் இருப்பதற்காகவே நான் உத்திரமேரூருக்கு அனுப்பப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்தவற்றுக்கு என் மேலாளர் எவ்வகையிலும் பொறுப்பல்லர்.

மலேசியாவில் ஈப்போ என் ஊர். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த நகரம். சிமெண்டோடு எங்களுக்குப் பழைய உறவு. பள்ளிக் காலந்தொட்டு நான் மேடைப் பேச்சாளன். எந்த அணியில் என்னை அமர்த்தினாலும் அந்த அணியே வெல்லும் என்று பலர் சொல்வதுண்டு; அவர்களுள் பெரும்பாலோருக்கு அதைச் சொன்னவன் நான்தான். கோப்பைகளை அடுக்க இடம் போதாமல், அம்மா இரண்டு கோப்பைகளில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.

வயிற்றுப்பாட்டுக்காக ஒரு சிறிய வேதிப்பொருள் நிறுவனத்தில் பயிற்சிப் பொறியாளனாக இருக்கிறேன். நாங்கள் விற்பது ஒரு திரவம். சிமெண்டு ஆலையில் பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்று சுழலும். அதற்குள் இரும்புக் குண்டுகள் உருண்டு, சூளையில் வெந்த கற்களைத் தூளாக்கும். தூள் நுண்மையாக ஆக ஆக அது குண்டுகளின்மேல் அப்பிக்கொள்ளும். அதன்பின் குண்டுகள் கல்லை அடிப்பதில்லை, மெத்தையைத் தட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் வீணாகும். கல்லோடு சில சொட்டுத் திரவம் சேர்ந்தால் தூள் ஒட்டாது. அதே மின்சாரத்தில் கூடுதல் சிமெண்டு கிடைக்கும். உலகத்தின் மின்சாரத்தைத் தின்னும் தொழில்களுள் இது ஒன்று என்பதால், இந்தச் சில சொட்டுகளைப் பற்றி என்னால் எவ்வளவு நேரமும் பேச முடியும். அதுதான் சிக்கல்.

என் மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. தமிழ் அறியாதவர், என்னை அறிந்தவர். புறப்படும் நாளில் மலாய் மொழியில் அவர் சொன்னதன் சாரம் இது: "உனக்கு அவர்கள் மொழி தெரியும் என்பதால் போகிறாய். திரவத்தை ஊற்று. மீட்டரைப் பார். வந்துவிடு. சொற்பொழிவு வேண்டாம்."

நான் தலையசைத்தேன். விமானத்தில் ஏறியதும் முன்னுரையை எழுதத் தொடங்கினேன்.

முதல் நாள், காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில், படியில் நின்ற நடத்துநரிடம், "ஐயா, இப்பேருந்து உத்திரமேரூருக்குச் செல்லுமா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஸ்கூல் வாத்தியார் நீ?"

"நான் ஆசிரியன் அல்லன். மலேசியாவிலிருந்து வருகிறேன்."

"மலேசியாவுல இப்டித்தான் பேசுவாங்களா? சரி, ஏறு. இது வந்தவாசி வண்டி. பெருநகர்ல எறங்கிக்கினா உத்திரமேரூர் பஸ்சு வரும்."

ஈப்போவில் பேருந்து என்பது ஓர் அமைதியான இடம். அவரவர் கைப்பேசி, அவரவர் காது. இங்கே என் கையிலிருந்த சிறிய கேன்மீது முழுப் பேருந்தின் கண்ணும் விழுந்தது. சோதனைக்கான திரவம் ஒரு பெரிய பீப்பாயில் முன்பே ஆலைக்கு வந்து சேர்ந்திருந்தது. இது நான் கையோடு கொண்டுவந்த மாதிரி. பக்கத்து இருக்கையில், மடியில் மண்வெட்டியை வைத்திருந்தவர் அதை முகர்ந்தே பார்த்துவிட்டார்.

"இன்னா மருந்து இது? புகையானுக்கா?"

நெற்பயிரைத் தாக்கும் பூச்சியைக் கேட்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. இது சிமெண்டு அரைக்கும்போது சேர்ப்பது என்றேன்.

"சிமெண்டுக்கும் மருந்து அடிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று அவர் பின்னிருக்கைக்காரரிடம் திரும்பினார். "கேட்டியா கதைய. நெல்லுக்குத்தான் வருசத்துக்கு நாலு தபா அடிக்கிறோம். இப்ப வூடு கட்றதுக்கும் அடிக்கணுமாம்."

இப்படிப்பட்ட தவறான கருத்து ஒரு பேருந்தில் பரவுவதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி வாளாவிருப்பேன்? விளக்கினேன். மெத்தை உவமையைச் சொன்னேன். இரண்டு வரிசைகள் திரும்பி உட்கார்ந்து கேட்டன. அவ்வளவு நன்றாகப் பேசினேன், பெருநகர் கடந்துபோய்விட்டது.

நடத்துநர் விசிலடித்து என்னை வயல் நடுவே இறக்கிவிட்டார். "நடந்து போ தம்பி. பேசிக்கினே போனா தூரம் தெரியாது."

வெயிலில் நடந்து பெருநகர் டீக்கடையை அடைந்தபோது, எங்கள் ஊர்ச் சிறுவர்கள் மருந்து குடிக்கும் அளவிலான ஒரு கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது. ஈப்போவில் தே தாரிக் ஒரு கூஜா நிறைய வரும். அதைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு நட்பு உருவாகிவிடும். இங்கே இரண்டு மடக்கில் முடிந்தது. மூன்றாவது மடக்குக்குள் கடைக்காரர் குவளையை வாங்கிக் கழுவிவிட்டார். சுருக்கம் என்பதன் முதற்பாடம் எனக்கு அங்கேயே கிடைத்தது. நான்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆலை உத்திரமேரூருக்கு வெளியே, ஏரியைத் தாண்டி இருந்தது. சூளை இல்லாத சிறிய ஆலை. வெந்த கல்லை லாரியில் வரவழைத்து, ஜிப்சமும் சாம்பலும் சேர்த்து அரைத்து மூட்டையாக்குவது மட்டுமே வேலை. உரிமையாளர் தயாளன் பெருநகரில் நிலமுள்ள குடும்பத்தவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பில் நடப்பவரைப் போலவே ஆலைக்குள்ளும் நடந்தார். கல்லை அரைக்கும் இரண்டு மில்களைக் காட்டினார். புதியது மினுமினுத்தது. பழையது ஊரையே மெல்வதுபோல் உறுமியது.

"இது குடிக்கிற கரண்டுக்கு எனுக்குக் கட்டுப்படியாவல தம்பி," என்றார் தயாளன். "நாளைக்கு ஒரு நாள் உன் தண்ணிய ஊத்திப் பாரு. டன்னுக்கு ஆவுற யூனிட்டு கொறைஞ்சா பழைய மில்லு ஓடும். கொறையலன்னா ஒண்ணாந்தேதிலேர்ந்து நிறுத்திடறேன். புதுசு ஒண்ணே போதும்."

அவர் சென்றபின், காலிச் சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்களுள் ஒருவர் என்னை அழைத்தார். மேரி அக்கா, மாகறலைச் சேர்ந்தவர், பழைய மில்லின் மூட்டைக் கொட்டகையில் வேலை செய்யும் பெண்களுக்குத் தலைமை அவர். முகத்தில் புருவம்வரை சிமெண்டு.

"மில்ல நிறுத்திட்டா எங்க செட்டுக்கு வேலை கெடையாது, தெரியுமில்ல? அப்பால ஒரகடம் கம்பெனி வேன்லதான் போவணும். இருட்ல கெளம்பினா இருட்லதான் வூடு. இங்கன்னா மாகறல்லேர்ந்து சைக்கிள்ல வந்துட்றேன். பொண்ணு ஸ்கூல் வுட்டு வர்றதுக்குள்ள வூட்ல கீறேன்." சாக்கைத் தட்டி அடுக்கியபடியே கேட்டார்: "உன் தண்ணி நல்ல தண்ணிதானே?"

"அம்மையீர்," என்று தொடங்கினேன், "அறிவியலின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தோமானால்..."

"திரும்பில்லாம் பாக்க முடியாது, சாக்கு சரிஞ்சிடும். நல்லதா இல்லையா?"

"நல்லதுதான்."

"அத சொல்லு."

புறப்படும்போது தயாளன் என் தோளில் கைவைத்தார். "நாளைக்குக் காலைல சின்னதா ஒரு பங்சன் வெச்சிகீறோம். வெளிநாட்லேர்ந்து வந்துகீற. ரெண்டு வார்த்தை பேசிடு."

என் மேலாளரின் முகம் ஒரு கணம் நினைவில் தோன்றியது. மரியாதையோடு அதை நகர்த்தி வைத்தேன்.

அன்று மாலை வைகுண்டப் பெருமாள் கோவிலுக்குச் சென்று கல்வெட்டுகளைக் கண்டேன். ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு ஊர் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த முறை அங்கே கல்லில் இருக்கிறது. குடவோலையில் தொடங்கி மின்சாரத்தில் முடிக்கலாம் என்று எனக்கு உதித்தபோது, இப்படியொரு தொடக்கம் வேறெவருக்கும் தோன்றியிராது என்று நம்பினேன். விடுதிக்குக் கீழே பரோட்டாக் கடையில் இதைச் சொன்னேன். பரோட்டாவை அடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "ம்ம், இந்த ஊருக்கு வர்றவங்க எல்லாரும் அதான் பேசுவாங்க," என்றார். பரோட்டா எங்கள் ரொட்டி சானாயின் அண்ணன். பருமன் அதிகம், பணிவு குறைவு. இரண்டு சாப்பிட்டு, கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துவிட்டுப் படுத்தேன்.

இரண்டாம் நாள் காலை. பொங்கலும் வடகறியும் நாஷ்டா. காலைப் பணிமுறை தொடங்கியபோதே திரவத்தைச் சொட்டவிட்டோம். கற்கள் மில்லுக்குப் போகும் பெல்ட்டின்மேல் ஒரு சிறு பம்பு அளந்து சொட்டிக்கொண்டிருந்தது. மில் ஓட்டுபவர் ஏழுமலை. எப்போதும் இரைச்சலில் வாழ்பவராதலால், பக்கத்தில் நிற்பவரிடமும் அக்கரையில் நிற்பவரிடம் பேசுவதுபோலப் பேசுவார். சற்று நேரத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"நல்லா எறங்குது சார். மில்லு லேசா ஓடுது."

எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. என் கவனம் மூட்டைக் கொட்டகையில் இருந்தது. அங்கே ஷாமியானா, நாற்காலிகள், ஒலிபெருக்கி. தயாளன் நாற்காலிகளை எண்ணிவிட்டு முகம் சுளித்தார். வெளிநாட்டு விருந்தினர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவதா? இந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. சாக்கு அடுக்கும் பெண்கள், லாரி ஓட்டுநர்கள், வாசற்காவலர், எல்லோரும் வந்து அமர்ந்தனர். அப்படியும் முன்வரிசையில் ஒரு நாற்காலி எஞ்சியது. ஏழுமலையை அழைத்து அதில் உட்கார்த்தினார்கள். மில் உறுமினால் பேச்சுக் கேட்காதே என்று, ஏழுமலை அதை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

தோளில் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையும் முன்வரிசையும் தெரியும்படி என் கைப்பேசியைப் பக்கவாட்டில் ஒரு மூட்டையின்மேல் சாய்த்து, ஒளிப்பதிவை இயக்கிவிட்டு மேடையேறினேன். "இரண்டே நிமிடங்களில் என் உரையை முடித்துக்கொள்கிறேன்" என்றேன்.

குடவோலையில் தொடங்கினேன். முன்வரிசையில் இருவர் என்னோடு சேர்ந்து வாயசைத்தார்கள். உணர்ச்சிவசப்பட்டார்கள் என்று கொண்டேன். அங்கிருந்து நெருப்புக்கும், நெருப்பிலிருந்து நீராவிக்கும், நீராவியிலிருந்து மின்சாரத்துக்கும் சென்றேன். வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் எதிர்காலத்தின் சட்டைப்பையிலிருந்து திருடப்படுவது என்றேன். மில்லின் உறுமல் நின்றிருந்த அந்தக் கொட்டகையில் எங்கிருந்தோ ஒரே சீரான முழக்கம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சுருதிப்பெட்டிபோல என் குரலுக்குத் துணையாக அது அமைந்ததில் மகிழ்ந்தேன். கைதட்டல்கள். "இறுதியாக" என்றேன். கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. இவ்வளவு வரவேற்பைப் பெற்ற சொல்லை ஒரு முறையோடு விட மனம் வருமா?

முடிவில் ஏழுமலை என்னை ஓட்டமும் நடையுமாக அழைத்துச் சென்றார். பொன்னாடையோடு பச்சைப் பொத்தானை அழுத்தி மில்லை மறுபடி தொடங்கிவைத்தேன். ஒளிப்பதிவை ஈப்போ நண்பர்களுக்கு அனுப்பினேன். மேலாளருக்கு மட்டும் அனுப்பவில்லை.

மாலையில் கணக்கு வந்தது. டன்னுக்கு ஆன மின்சாரம், திரவமே ஊற்றாத நாட்களைவிடக் கூடுதல்.

தயாளன் நெடுநேரம் அந்த எண்ணைப் பார்த்தார். "ஊத்தாததே தேவலை போலகீதே," என்றார்.

மறுப்புரை என் தனித்திறன். எழுந்து நின்றேன். கல் ஈரமாக இருந்திருக்கலாம். சாம்பலின் தரம் மாறியிருக்கலாம். மின்னழுத்தம் ஏறி இறங்கியிருக்கலாம். ஒரே நாளின் எண்ணை வைத்து ஒரு மில்லுக்குத் தீர்ப்பு எழுதலாமா என்று கேட்டுக் கையை உயர்த்தி நிறுத்தினேன். அந்த இடத்தில் வழக்கமாகக் கைதட்டல் வரும்.

"நீ நல்லாத்தான் பேசற தம்பி," என்றார் தயாளன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "உன் பேச்சு எனுக்குக் கேக்குது. மீட்டருக்குக் கேக்கலியே. ஒண்ணாந்தேதியோட நிறுத்திக்கலாம்."

வாசலில் மேரி அக்கா சைக்கிளோடு நின்றிருந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டு, முடிவு தெரிந்துகொள்வதற்காகவே மாகறலிலிருந்து மறுபடி வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். நல்ல தண்ணி என்று சொல்லச் சொன்னார், சொன்னேன், நம்பினார். என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சுருக்கமான உரையும் அதுதான், மிக முழுமையாக நம்பப்பட்ட உரையும் அதுதான்.

மூன்றாம் நாள் ஊர் திரும்பும் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். இட்லிக் கடையில் அமர்ந்தேன். மிளகும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரத்து இட்லி, ஒரு செங்கல்லின் கம்பீரத்தோடு இலையில் வந்து அமர்ந்தது. துயரத்தில் இருக்கும் பேச்சாளனுக்கு ஆறுதல் தரக்கூடியது ஒன்றே ஒன்று: தன் பேச்சு. ஒளிப்பதிவை ஓடவிட்டேன்.

முதலில் கவனித்தது நீளத்தை. திரைப்படமாக இருந்தால் அந்நேரத்துக்கு இடைவேளை விட்டிருப்பார்கள்.

அடுத்துக் கவனித்தது அந்த முழக்கத்தை. மேடையில் சுருதியாகக் கேட்டது, கைப்பேசியில் தெளிவாக அது என்னவென்று கேட்டது. தூசியை இழுக்கும் பெரிய விசிறி. அதற்குப் பின்னால் வேறொரு தடதடப்பு: தூளை மேலேற்றும் வாளிச்சங்கிலி. அதற்கும் பின்னால் கம்ப்ரசர். ஒரு மூட்டை சிமெண்டுகூட அரைபடாத நேரம் முழுவதும் அவை அனைத்தும் ஓடி, என் திரவத்தின் கணக்கிலேயே மின்சாரத்தை ஏற்றிக்கொண்டிருந்தன. வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் திருட்டு என்று அவற்றின்மேல் நின்று முழங்கிக்கொண்டிருந்தேன் நான்.

மூன்றாவதாக, முன்வரிசையில் ஏழுமலை. அதுவரை திரையில் என் முகத்தை மட்டுமே பார்த்துவந்ததால், ஓரத்தில் தெரிந்த அவரை நான் கவனிக்கவில்லை. அவர் கழுத்தைத் திருப்பி மில் பக்கம் பார்க்கிறார். பாதி எழுகிறார். பக்கத்திலிருப்பவர் சட்டையைப் பிடித்து உட்காரவைக்கிறார். நான் "இறுதியாக" என்கிறேன். அவர் முகம் மலர்கிறது. நான் நீராவிக்குத் திரும்புகிறேன். அவர் முகம் வாடுகிறது. இது மீண்டும் மீண்டும் நடக்கிறது.

இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

"மத்ததெல்லாம் ஏன் நிறுத்தல?" என்று ஏழுமலையிடம் கேட்டபோது எனக்கே தெரியாமல் என் தமிழ் மாறியிருந்தது.

"ரெண்டு நிமிசம்னாங்க சார். எல்லாத்தையும் நிறுத்தினா வரிசையா திருப்பி ஓட்றதுக்கே நேரம் ஆவும். மில்ல மட்டும் நிறுத்திட்டு ஓடியாந்தேன்."

"அப்புறமாச்சும் எழுந்து போயிருக்கலாமே?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "நீங்க பேசிக்கினு இருக்கசொல்ல எப்டி சார் எழுந்து போறது? முன் வரிசை வேற. விருந்தாளிய அவமானப்படுத்தினா மாதிரி ஆயிடாது? நீங்களும் இதோ முடிக்கிறேன் முடிக்கிறேன்னு சொல்லிக்கினே இருந்தீங்க."

"என் சொட்டுப் பம்பு?"

அவர் தயங்கினார். "அதுவுந்தான் ஓடிக்கினு இருந்திச்சி."

நின்றுபோன பெல்ட்டின் ஒரே இடத்தில், என் உரை முழுவதும், எங்கள் நிறுவனத்தின் திரவம் சொட்டியிருக்கிறது. வழிந்து தரையில் தூளோடு கலந்து கெட்டித்துக் கிடந்தது. பீப்பாயில் எஞ்சியது இன்னும் ஒரு நாளுக்கு வருமா என்பதே ஐயம்.

தயாளன் அறையில் ஒளிப்பதிவை ஓட்டினேன். வாழ்வில் முதன்முறையாக, என் பேச்சைக் காட்டி, பேச்சைக் கேட்காதீர்கள், பின்னால் வரும் சத்தத்தைக் கேளுங்கள் என்று ஒருவரிடம் வேண்டினேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். ஏழுமலை மூன்றாம் முறை உட்காரவைக்கப்பட்டபோது அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"நாந்தானே நாற்காலி காலியா கீதுன்னு அவன இட்டாந்து உக்கார வெச்சேன்," என்றார். கைப்பேசியை என்னிடம் நீட்டி, "நாளைக்கு இன்னொரு தபா ஓட்டிப் பாக்கலாம்," என்றார்.

கதவோரம் நின்ற மேரி அக்கா, "இவரு பேசுவாரா?" என்று கேட்டார். என்னிடமன்று, தயாளனிடம்.

"மாட்டேன்," என்றேன்.

"இப்பவே பேசறாரு பாரு," என்றார் அவர்.

அன்று முழுவதும் பெல்ட்டுக்கு அடியில் கெட்டித்திருந்ததைச் சுரண்டி எடுத்தேன். கொட்டகைப் பெண்கள் ஒரு கரண்டியையும் நிறைய அறிவுரைகளையும் கொடுத்தார்கள். ஒருத்தி, "இது எந்த எடத்துல சொட்டினது மலேசியா? குடவோலையிலயா, அதுக்கு அப்பாலயா?" என்று கேட்டாள். மலேசியா என்பதே அங்கே என் பெயராகிவிட்டிருந்தது.

நான்காம் நாள் எனக்கு ஒரு தூசி முகமூடி தந்தார்கள். பாதுகாப்புக்கு என்றார் தயாளன். எவருடைய பாதுகாப்புக்கு என்று சொல்லவில்லை. காலையிலிருந்து கையசைவாலேயே பேசினேன். மதியம் பெண்கள் தங்கள் தூக்குச்சட்டிகளிலிருந்து எனக்கும் எடுத்துவைத்தார்கள். களியும் கருவாட்டுக் குழம்பும். ஈப்போவில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றின் ஓரத்தில் நெத்திலி வரும், ஆனால் அது அலங்காரத்துக்கு. இந்தக் கருவாடு விவாதத்துக்கே இடம் தராதது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல முகமூடியை இறக்கினேன். "சாப்டு, சாப்டு, பேசாத," என்று பல குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. மில் இடையறாமல் ஓடியது. அதன் உறுமலைப்போல இனிமையான பேச்சை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

மாலையில் மின்கட்டணம் கூடும் நேரம் ஒன்று உண்டு. அந்நேரத்தில் ஆலையை நிறுத்திவிடுவார்கள். மில் மெல்லச் சுழன்று நின்றது. தயாளனும் ஏழுமலையும் மீட்டரைப் பார்த்து, மூட்டைகளைச் சரிபார்த்து, மறுபடியும் பார்த்தார்கள். மேரி அக்கா மறுபடி சைக்கிளில் வந்திருந்தார். இம்முறை மகள் பின்னிருக்கையில், பள்ளிச் சீருடையோடு.

"கொறைஞ்சிகீது," என்றார் தயாளன்.

எவரும் ஆரவாரம் செய்யவில்லை. மேரி அக்கா சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்; அதுவரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார்.

"நிறையன்னு சொல்ல முடியாது. ஆனா கொறைஞ்சிகீது. பழைய மில்லு ஓடட்டும்," என்று தயாளன் என் பக்கம் திரும்பினார். "உன் தண்ணிய அனுப்பச் சொல்லு."

முகமூடிக்குள் என் வாய் தானாகவே திறந்தது. மூடிக்கொண்டேன். அதை மேரி அக்கா கண்டுவிட்டார்.

"பாவம், காலைலேர்ந்து அடக்கிக்கினு கீது," என்றார். "மில்லுதான் நின்னுடுச்சே. இப்ப பேசட்டும்."

மூட்டைக் கொட்டகையில் மறுபடி அமர்ந்தார்கள். இம்முறை எவரும் எவரையும் அழைத்து வந்து உட்காரவைக்கவில்லை. நாற்காலிகளில் பாதி காலி. ஒலிபெருக்கி இல்லை. பொன்னாடை இல்லை, என் தோளில் சாக்குத் தூசி இருந்தது. ஏழுமலை அதே முன்வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

என்ன பேசினேன் என்பது நினைவில் இல்லை. கைப்பேசியை எடுத்துச் சாய்த்து வைக்க மறந்துவிட்டேன், ஆகவே சான்றும் இல்லை. குடவோலையைத் தொடவில்லை என்பது மட்டும் உறுதி. களியைப் பற்றியும் டீக்குவளையைப் பற்றியும் ஏதோ சொன்னேன், சிரித்தார்கள். பழக்கம் மெல்லத் தலைதூக்கியது. குரல் உயர்ந்தது. ஒரு நீண்ட வாக்கியத்தை எடுத்து, அதன் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஏழுமலை எழுந்தார்.

இம்முறை எவரும் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. முன்வரிசையிலிருந்து, என் கண்ணெதிரே, எல்லோர் கண்ணெதிரேயும், முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து கொட்டகையை விட்டு வெளியேறினார். தயாளன் திரும்பிப் பார்த்துவிட்டு, அவரைத் தடுக்காமல் விட்டுவிட்டார். நான் வாக்கியத்தின் நடுவில் நின்றேன். அப்போதுதான் எனக்கும் கேட்டது: சுவருக்கு அப்பால், மறந்துபோய் அணைக்காமல் விட்ட கம்ப்ரசர், எவருக்காகவும் இன்றி ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் நின்றது. ஏரிப் பக்கமிருந்து தவளைகளின் குரல் கொட்டகைக்குள் வந்தது.

மேடையில் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவருக்காகக் காத்து நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏழுமலை கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார், அவசரப்படவில்லை, தம் நாற்காலியில் அமர்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ம்," என்றார் மேரி அக்கா. "இப்ப சொல்லு."